விற்கப்பட்டவரும் கதைமாந்தரே
ஆள்கடத்தலைக் கூறும் குற்றப்புனைவுகளில் பாத்திர வளர்ச்சி

ஏற்காட்டு மலையைத் துப்பறியும் கதைகள் நன்கறியும். சேலத்திலிருந்து ஏறும் கொண்டையூசி வளைவுகளும், மாலையில் இறங்கும் மூடுபனியும், காபித் தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் பங்களாவும் குற்றக்கதைக்கெனவே அமைந்தவை போல்வன. பங்களாவில் ஒருவர் கொலையுண்டு கிடப்பார். துப்பறிவோர் சமவெளியினின்று காரில் ஏறி வருவார். இறுதி அத்தியாயத்தில் குற்றவாளி பிடிபடுவான். ஆயினும் அப்பங்களாவைச் சூழ்ந்த தோட்டத்தில் காபிப் பழம் பறிப்போர் யாவர், அவர்தம் முன்னோர் எவ்வழியாய் இம்மலைக்கு வந்தனர் என்னும் வினா அத்தகைய கதைகளில் எழுவதில்லை.

1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபிப் பயிரை அறிமுகப்படுத்தினார். பயிர் பெருகவே ஆட்களும் வேண்டியவராயினர். தென்னிந்திய மலைத்தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த முறை பெரும்பாலும் ஒன்றே. மேஸ்திரி வறண்ட சிற்றூருக்குச் செல்வார், முன்பணம் கொடுப்பார், அதனைப் பெற்றவர் குடும்பத்தோடு மலையேறுவார். 1859ஆம் ஆண்டின் வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டத்தின்படி, முன்பணம் பெற்றபின் வேலைக்கு மறுத்தவரை மூன்று மாதம் வரை சிறையிலிடலாம். அச்சட்டம் 1926இல்தான் மறைந்தது. இங்ஙனம் வந்தவரை எவரும் கட்டித் தூக்கிச் செல்லவில்லை. அவர் தம் கால்களாலேயே நடந்து வந்தார். ஆயினும் திரும்பிச் செல்லும் வழி அவருக்கு அடைபட்டிருந்தது.

இதனை ஆள்கடத்தல் எனலாமோ என ஐயுறுவார்க்கு இன்றைய சட்டமே விடை கூறும். 2013இல் திருத்தப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும், சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரை அச்சுறுத்தியோ, ஏமாற்றியோ, ஆசை காட்டியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ சேர்த்தலையும் கொண்டுசெல்லுதலையும் அடைக்கலம் கொடுத்து வைத்தலையும் ஒப்படைத்தலையும் பெற்றுக்கொள்ளுதலையும் ஆள்கடத்தல் என்கின்றன. பாதிக்கப்பட்டவர் இசைந்தாரா என்பது பொருட்டன்று எனவும் அவை தெளிவாய்க் கூறுகின்றன.

சட்டத்தின் இந்நிலை முற்றும் சரியானதே. இசைவைக் காட்டிக் குற்றவாளி தப்பலாகாது. ஆனால் சட்டம் தள்ளிவைக்கும் அவ்விசைவையே புனைவிலக்கியம் கையிலெடுத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. அவள் ஏன் புறப்பட்டாள்? புறப்படுமுன் எவரிடம் கேட்டாள்? அனுப்பியவர் அனுப்புகையில் தம்மிடமே என்ன சொல்லிக்கொண்டார்? இவ்வினாக்களிலேதான் கதைமாந்தர் பிறக்கின்றனர். இவற்றை விலக்கும் புனைவில் குற்றம் இருக்கலாம், மனிதர் இருக்கமாட்டார். இதனையே ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

1. மயக்கமருந்தும் அரக்கனும்

பாத்திர வளர்ச்சி என்பது வயது கூடுதலன்று, துன்பம் மிகுதலுமன்று. கதைமாந்தர் ஒருவர் தாம் செய்த தெரிவுகளின் விளைவாகத் தொடக்கத்தில் இருந்த நிலையினின்று வேறொரு நிலையை அடைதலே வளர்ச்சி. உயர்வதும் வளர்ச்சியே, வீழ்வதும் ஒருவகையில் வளர்ச்சியே. தெரிவு இல்லாத இடத்தில் இரண்டும் இல்லை.

தமிழில் குற்றப்புனைவு நீண்ட மரபுடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் அதனை நிலைநிறுத்தினர். பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷ்-வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக்கும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலாவும், சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தியும் வாசகருக்கு வீட்டு மனிதர் போலாயினர். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்கள் பல்லாயிரவரை வாசிப்புக்குள் இட்டுவந்தன. இவற்றை இழிவாய்ப் பேசுதல் நம் நோக்கமன்று.

ஆனால் ஆள் விற்பனை என்னும் பொருளை எடுத்துக்கொள்ளும்போது இவ்வகைக் கதையின் வாய்பாடு மூன்று இடங்களில் இடறுகின்றது. முதலாவது, கடத்தல் நிகழும் விதம். மயக்கமருந்து தோய்ந்த கைக்குட்டை, இருளில் காத்திருக்கும் கார், கட்டிய கைகள் ஆகியவை வாய்பாட்டின் கருவிகள். கைக்குட்டை முகத்தில் பட்டவுடனே பெண்ணின் தெரிவு முடிந்துவிடுகிறது. அவள் நம்பினாளா, ஐயுற்றாளா, வீட்டு வறுமையை எண்ணித் துணிந்தாளா என்று கேட்க இனி இடமில்லை. அவள் ஒரு சரக்கு மூட்டை போலக் கதையின் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு மாற்றப்படுகிறாள்.

இரண்டாவது, விற்பவன். அவன் கண் சிவந்தவன், குடிப்பவன், சிரிக்கும்போதே அஞ்ச வைப்பவன். அவனுக்குத் தாயில்லை, மகளில்லை, கடனில்லை. அரக்கனுக்கு வளர்ச்சி ஏது? இறுதியில் அவன் சுடப்படுவான், அவ்வளவே.

மூன்றாவது, மீட்பவர். தொடர்க் கதாநாயகர் அடுத்த மாத நாவலுக்கும் வரவேண்டியவர் ஆதலால் அவர் மாறுதலாகாது. எத்தனை பெண்களை மீட்டாலும் அவருடைய புன்னகையும் வேடிக்கைப் பேச்சும் முன்போலவே இருக்கும்.

ஆகவே மூவரில் எவரும் வளர்வதில்லை. இதன் பயன் யாது? வாசகரும் மாறாமலே புத்தகத்தை மூடுகிறார். தம்மைப் போன்ற எவரும் அக்கதையில் இல்லை என்னும் ஆறுதலே அவருக்குக் கிடைக்கும் பரிசு. விற்கப்பட்டவளோ கதைக்குள் ஒருமுறையும், கதையின் விறுவிறுப்புக்காக மறுமுறையும் விலைபோகிறாள்.

2. இராசிபுரத்தில் கேட்ட குரல்

வாய்பாடு எவ்வளவு பொய்யானது என்பதை நம் மலையின் அயலிலேயே காணலாம். 2019 ஏப்ரல் மாதத்தில் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் குழந்தை விற்பனை பற்றிய ஒரு தொலைபேசி உரையாடல் வெளியாயிற்று. மருத்துவப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண், ஆண் குழந்தைக்கு இன்ன விலை, பெண் குழந்தைக்கு இன்ன விலை, நிறத்திற்கேற்ப இன்ன விலை என நிதானமாய்ப் பேசிய குரல் அதிலிருந்தது. வழக்குக் குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது, பலர் கைதாயினர். கொல்லிமலைக் குழந்தைகள் குறித்தும் விசாரணை நடந்தது. கொல்லிமலையில் வாழ்வோரும் நம் சேர்வராயனில் வாழ்வோரும் மலையாளி என்னும் ஒரே பழங்குடியினர்.

இங்கே கைக்குட்டையுமில்லை, இருளில் கார் நிற்கவுமில்லை. இருந்தது பழகிய குரல். காய்கறிக்கு விலை சொல்லும் அதே குரலில் ஒரு பெண் குழந்தைக்கும் விலை சொன்னாள். நாடு திடுக்கிட்டது கொடுமையைக் கேட்டன்று. அக்கொடுமை இயல்பான பேச்சாய் வந்ததைக் கேட்டே.

இந்நிகழ்ச்சியை ஒருவர் நாவலாக்க முனைந்தால் அவர் எங்கே தொடங்குவார்? வாய்பாட்டை நம்புவோர் காவல் அதிகாரியிடம் தொடங்குவார். உண்மையை நாடுவோர் இத்தொழிலில் நிற்கும் வெவ்வேறு மனிதரிடம் செல்வார். முதல் குழந்தையை முதல் முறையாகக் கைமாற்றிய நாளில் விற்பவள் தன்னிடம் என்ன காரணம் சொல்லிக்கொண்டாள்? பெற்றவள் எந்த வறுமையின் முன், எவருடைய சொல்லின்கீழ்க் கொடுத்தாள்? அன்புக்கு ஏங்கும் பிள்ளையற்ற தம்பதியர், சட்டப்படியான தத்தெடுப்புக்குக் காத்திருக்க மனமின்றி எங்ஙனம் வாங்குவோராயினர்? இவர்களில் ஒருவரும் அரக்கரல்லர். ஆகவே ஒவ்வொருவரும் வளரவோ வீழவோ கூடியவர்.

3. பண்டாரத்தின் வீடு

இக்கடினமான வழியில் சென்ற தமிழ் நாவல் ஒன்றுண்டு. அது ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003). உடல் ஊனமுற்றோரை வாங்கியும் விற்றும் கோயில் வாசல்களில் பிச்சைக்கு இருத்தியும் பிழைக்கும் போத்திவேலுப் பண்டாரம் அதன் மையப் பாத்திரம். அவர் வணிகத்தில் மனிதர் 'உருப்படிகள்' எனப்படுகின்றனர். முத்தம்மை என்பவள் புதிய உருப்படிகளைப் பெற்றுத் தருவதற்கென்றே வைக்கப்பட்டிருக்கிறாள்.

பண்டாரம் கொடியவர்போல் தோன்றுவதில்லை. அதுவே நாவலின் வன்மை. அவர் கடவுளுக்கு அஞ்சுபவர். பெண்மக்களைப் பெற்று அவர்களுடைய திருமணக் கவலையில் உருகும் தந்தை. தம் மகளின் கண்ணீரைப் பொறாத அவர், முத்தம்மையின் மடியினின்று அவள் பிள்ளையை விலைக்குக் கொடுக்கிறார். இரண்டும் ஒரே நெஞ்சில் நிகழ்வதை ஆசிரியர் காட்டுகிறாரேயன்றி விளக்கவில்லை. பண்டாரத்தை வெறுத்து ஒதுக்க முயலும் வாசகர், அவருடைய இல்லறக் கவலைகளில் தம் கவலைகளையே கண்டு திகைக்கிறார்.

விற்கப்படுவோரும் அந்நாவலில் வெறும் துயர உருவங்களல்லர். அவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்கின்றனர், பாடுகின்றனர், உலகைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுகின்றனர். முதலாளி வீட்டுக் கலியாண விருந்து தனக்குக் கிட்டவில்லையே என ஏங்கும் குய்யனின் மனத்தாங்கலில் மனிதமாண்பைப் பற்றிய ஒரு முழு வாதமே அடங்கியுள்ளது. விருந்துக்குத் தானும் உரியவன் என எண்ணுகிறவன் உருப்படியல்லன், மனிதன்.

இந்நாவலைத் தழுவி, ஜெயமோகனின் உரையாடலோடு, இயக்குநர் பாலா 2009இல் 'நான் கடவுள்' திரைப்படத்தை அமைத்தார். கருவி மாறும்போது கதை மாறுதல் இயல்பே. எனினும் அம்மாற்றம் எத்திசையில் சென்றது என்பது நம் பொருளுக்கு இன்றியமையாதது. பண்டாரத்தின் இடத்தில் தாண்டவன் என்னும் கொடூரன் வந்தான். அவனை அழிக்கக் காசியினின்று ஓர் அகோரி வந்தான். குற்றக்கதையின் வாய்பாடு நாவலை விழுங்கிற்று. பார்வையற்ற பாடகியாகிய அம்சவல்லிக்கு அப்படம் தரும் விடுதலை மீட்பவன் கையால் அடையும் சாவே. வாழ்ந்து வேறொரு நிலையை எய்தும் வாய்ப்பு அவளுக்கு இல்லை. படத்தின் காட்சி வலிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாவல் நம்மைக் குற்றஞ்சாட்டிற்று, படம் நம்மை விடுவித்துவிட்டது என்னும் வேற்றுமையைச் சுட்டாதிருத்தல் இயலாது.

4. மலையேறியவர்கள்

ஏற்காட்டு வாசகருக்கு இன்னும் நெருங்கியவை தோட்டங்களைப் பற்றிய புனைவுகள். புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி', திருநெல்வேலிச் சீமையின் சிற்றூரினின்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் மருதி என்பவளின் கதை. கணவன் வெள்ளையனைச் சிறைக்கு அனுப்பிய ஊர் அதிகாரமே அவளைக் கப்பலுக்கும் அனுப்புகிறது. தோட்டத்தில் துரையின் இச்சைக்கு இரையாகும் மருதி, பின்னர் அதே மண்ணில் மகளைக் காத்து நிற்கும் தாயாகிறாள். இளம் மனைவியாய்ச் சென்றவளுக்கும் இத்தாய்க்கும் இடையிலுள்ள தொலைவே அக்கதையின் பாத்திர வளர்ச்சி. அவளுடைய துன்பத்தைச் சொல்லும் ஆசிரியர் அவளுடைய அறிவையும் சொல்லுகிறார். தோட்டம் எவ்வாறு இயங்குகிறதென்பதை அங்குள்ள எவரினும் நன்கறிந்தவள் மருதியே.

வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ' என்னும் நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு வந்தது. கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் இனிய சொல்லை நம்பி ஆனைமலைக்குச் செல்கின்றனர். ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கையில் கூலி மிஞ்சவில்லை, கடனே மிஞ்சுகிறது. இங்கே நாம் கருதவேண்டியவன் மேஸ்திரி. அவன் வெளியூரான் அல்லன். அதே மொழியைப் பேசுபவன். ஆள் ஒன்றுக்குக் கிடைக்கும் தரகினால் வாழ்பவன். இலங்கைத் தோட்டங்களில் கங்காணிக்குக் கிடைத்த 'தலைக்காசு' என்னும் வருவாயின் பெயரே அத்தொழிலின் தன்மையைக் கூறிவிடும். ஆயினும் அவனும் துரைக்கு முன் கைகட்டி நிற்பவன்தான். கீழே அதட்டலும் மேலே நடுக்கமுமாய் வாழும் இத்தகைய மனிதனை முழுமையாய் வரைந்த தமிழ்க் குற்றக்கதை எதுவும் நம் நினைவிற்கு வரவில்லை.

இந்நாவலைத் தழுவியே பாலா 2013இல் 'பரதேசி' திரைப்படத்தை எடுத்தார். நாவலில் தொழிலாளரின் நோயையும் சாவையும் கண்டு நெஞ்சு கலங்கிச் செயலில் இறங்கும் மருத்துவர், படத்தில் ஆடிப் பாடி மதம் பரப்பும் கேலிப் பாத்திரமானார். கிறிஸ்தவர் ஒருவரைக் குறைகூறியதனால் நாம் இதனைச் சொல்லவில்லை. தோட்டங்களில் ஊழியம் செய்தோர் துரையின் பங்களாவில் தேநீர் அருந்திய நாள்களும் உண்டு, அவை எழுதப்படவேண்டியவையே. ஆனால் அவ்வாறு எழுதுவதற்கும் ஐயமும் போராட்டமும் உள்ள ஒரு மனிதர் வேண்டும். கேலிச்சித்திரத்தால் உண்மையான குற்றச்சாட்டையும் சுமக்க இயலாது. அரக்கனாக்குதலைப் போலவே கோமாளியாக்குதலும் வளர்ச்சியை மறுக்கும் வழியே.

நகரத்துச் சந்துகளை எழுதிய ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974) ஈண்டு நினைக்கத்தக்கது. மீனாவின் சம்பாத்தியத்தில் வாழும் கந்தனின் ஒரு நாள் வாழ்வே அந்நாவல். தனக்குப்பின் அவளுக்கு ஒரு துணை வேண்டுமெனவும் அவன் கவலைப்படுகிறான். அவனை ஆசிரியர் மன்னிக்கவுமில்லை, தண்டிக்கவுமில்லை, விடிந்தது முதல் அவன் பின்னாலே செல்கிறார். ஒரே நாளில் மனிதன் எவ்வளவு வளர்வான் எனக் கேட்கலாம். அங்கே வளர்வது வாசகரின் அறிவு. தரகனின் அன்பும் தரகுக் கணக்கோடு கலந்தே வரும் என அவர் உணர்கிறார்.

5. விற்றவர் காதில் விழுந்த குரல்

இவ்விதழின் வாசகர்க்கு மனிதவிற்பனைக் கதை புதிதன்று. ஆதியாகமத்தின் யோசேப்புக் கதை, இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்ட ஒரு பதினேழு வயது இளைஞனின் கதை. அதன் கதைநுட்பத்தில் ஒன்றைமட்டும் கவனிப்போம். 37ஆம் அதிகாரத்தில் குழியினின்று யோசேப்பு எழுப்பிய கதறலைக் கதாசிரியர் பதிவு செய்யவில்லை. சகோதரர் உணவருந்துகின்றனர், வணிகர் வருகின்றனர், விலை பேசப்படுகிறது, பையனோ பேசாப்பொருளாய் இருக்கிறான். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 42ஆம் அதிகாரத்திலேதான் அவன் கெஞ்சினான் என நாம் அறிகிறோம். அதைச் சொல்லுவோர் விற்றவர்களே! அன்று கேட்காத குரல் இன்று அவர்கள் காதில் விழுகிறது. பின்னர், விற்கலாமென முதலில் யோசனை சொன்ன யூதாவே பென்யமீனுக்குப் பதிலாய்த் தன்னை அடிமையாய் வைத்துக்கொள்ளும்படி 44ஆம் அதிகாரத்தில் முன்வருகிறான். விற்றவனின் வளர்ச்சிக்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது. விற்கப்பட்டவனையும் ஆசிரியர் பழுதற்றவனாக்கி விடவில்லை. பஞ்சகாலத்தில் எகிப்தின் மக்களைப் பார்வோனுக்கு அடிமைகளாய் வாங்குபவன் அதே யோசேப்பே என்பதை 47ஆம் அதிகாரம் மறைக்காது கூறுகிறது.

மாறாக, அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில், குறிசொல்லித் தன் எசமானருக்கு வருவாய் ஈட்டிய பிலிப்பி நகரத்து அடிமைப்பெண்ணைக் காண்க. அவள் விடுவிக்கப்படுகிறாள், எசமானர் தம் இழப்பை ஊர்க்கலகம் என்னும் வழக்காய் மாற்றுகின்றனர். கதை பவுலோடு சிறைக்குச் செல்கிறது. லீதியாளுக்குப் பெயருண்டு, சிறைக்காவலனுக்கு வீடும் விருந்தும் உண்டு. அப்பெண் என்னானாள்? வருவாய் அற்றுப்போன எசமானர் வீட்டில் அன்றிரவு அவள் எங்கே உறங்கினாள்? ஆசிரியரின் நோக்கம் வேறாகலாம். ஆனால் அவ்வினாவை எழுப்பும் உரிமை வாசகருக்குண்டு. மீட்கும் காட்சியோடு மீட்கப்பட்டவரை மறந்துவிடும் பழக்கம் நம் மாத நாவல்களுக்கு மட்டும் உரியதன்று.

6. அளவுகோல்கள்

மேற்கூறியவற்றால், இப்பொருள்பற்றிய புனைவை மதிப்பிட மூன்று அளவுகோல்களைக் கூறலாம். விற்கப்பட்டவர் புறப்பட்ட தருணம் கதையில் உண்டா? விற்றவர் தம் வீட்டில் இருக்கையில் காட்டப்படுகிறாரா? மீட்புக்குப் பின்வரும் காலை எழுதப்பட்டுள்ளதா? மூன்றுக்கும் இல்லையென்றே விடை வருமாயின், அக்கதை விறுவிறுப்பாய் இருக்கலாம். ஆள்கடத்தலைப் பற்றியதாய் இராது.

துப்பறியும் வடிவத்திற்கு இவையெல்லாம் மிகையான சுமையல்லவா என ஒருவர் வினவலாம். அவ்வாறன்று. யார் செய்தார் என்பதே குற்றப்புனைவின் அடிப்படை வினா. ஆள் விற்பனையில் அவ்வினாவிற்கு ஒரே பெயர் விடையாகாது. முன்பணம் கொடுத்தவர், கையொப்பமிட்ட தந்தை, பேருந்தில் ஏற்றிய உறவினர், வேலைக்கு வைத்துக்கொண்ட வீட்டார், குறைந்த விலையென்று பொருளை வாங்கிய நாம் ஆகிய அனைவரும் அவ்விடையில் அடங்குவர். துப்பறிவோர் இச்சங்கிலியைக் கண்ணிகண்ணியாய்த் தொடர்ந்து வருவாராயின், இறுதி அத்தியாயத்தில் அவர் தட்டும் கதவு வாசகருடையதாயிருத்தலும் கூடும். அதனினும் பெரிய திடுக்கீடு எந்தக் குற்றக்கதையிலும் இல்லை.

விற்கப்பட்டவர் கதைமாந்தராய் வளர்தல் மட்டுமன்று, கதையாசிரியராகவும் வளரலாம் என்பதற்கும் தமிழில் சான்றுண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் சிறுமியாயிருக்கையில் பத்து ரூபாய்க்கு ஒரு தாசியிடம் விற்கப்பட்டவர் என்பது அவருடைய வரலாறு கூறும் செய்தி. அவரே 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் நாவலை வெளியிட்டார். சூழ்ச்சியும் மாறுவேடமும் நிறைந்த அந்நாவலில் சொற்பொழிவுகள் நீளுகின்றன, கலையமைதி குன்றுகிறது. ஆயினும் அம்முறையினின்று வெளியேறிய பெண்களே அதில் ஏனையோரை வெளிக்கொணர்கின்றனர். மீட்பவர் காரில் ஏறி வெளியினின்று வரவில்லை. 1947இல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்ததற்குப் பின்னணியில் இத்தகைய பெண்களின் உழைப்பும் இருந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாய்ச் சேர்வராயன் சரிவுகளில் காபி விளைகிறது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபின் முன்பணத்தால் ஒருவரைக் கட்டிவைத்தல் குற்றமாயிற்று. முன்பணத்தோடு மலையேறிய முதல் தலைமுறையினரின் பெயரைத் தாங்கிய நாவலோ நம் அறிவில் இன்னும் எழுதப்படவில்லை. அவர்தம் பேரர் நம் சபைகளிலும் பள்ளிகளிலும் இருக்கின்றனர். பாட்டி சொன்னதை இன்னும் நினைவில் வைத்திருப்போர் அவர்களுள் உளர். போதகர்களும் ஆசிரியர்களும் அவர்களை எழுதத் தூண்டுவாராக. குறைந்தது, அவர்கள் சொல்வதை ஏட்டில் குறித்து வைப்பாராக. மூடுபனியையும் பங்களாவையும் பற்றிப் போதுமான அளவு எழுதியாயிற்று. தோட்டத்துப் பாதையில் மூட்டையோடு ஏறி வந்தவரின் பெயரை எழுதுதல் இனியேனும் தொடங்குக.